மேய்ச்சல் நிலத்தில் கட்டிய படகு

மழை பெய்து பள்ளி முற்றத்தில் தண்ணீர் தேங்கிவிட்டால், சின்ன வகுப்புப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களில் நடுத்தாள்கள் காணாமற்போகும். சற்று நேரத்தில் முற்றமெங்கும் காகிதக் கப்பல்கள் மிதக்கும். கண்டிக்க வரும் ஆசிரியையும் ஒரு நொடி நின்று, எந்தக் கப்பல் முந்துகிறது என்று பார்த்துவிட்டுத்தான் கண்டிப்பார். இதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம்.

கப்பல் செய்ததற்காகக் கடுமையாகத் தண்டிக்கப்பட்ட ஒரு சிறுவனைப் பற்றி இங்கே சொல்லப் போகிறோம். இன்றைய கனடா நாட்டின் கீழைக் கடற்கரையில் நோவாஸ்கோஷியா என்னும் பகுதி இருக்கிறது. அதன் ஓரத்தில் பிரையர் தீவு என்று ஒரு சிறு தீவு. 1850களில் அந்தத் தீவில், சுமார் பன்னிரண்டு வயதுள்ள சிறுவன் ஒருவன், வீட்டு நிலவறையில் ஒளிந்திருந்து மரத்துண்டைச் செதுக்கிச் செதுக்கி, பாய்மரமும் கயிறுமாக ஒரு பொம்மைக் கப்பலைச் செய்துகொண்டிருந்தான். தந்தை காலணி தைக்கும் தொழிலாளி. மகன் தன்னோடு உட்கார்ந்து தோல் வேலை செய்ய வேண்டும் என்று எண்ணியவர். மரமும் கையுமாக அவனைக் கண்டதும் சினம் தலைக்கேற, முடியும் தறுவாயிலிருந்த அந்தக் கப்பலைப் பிடுங்கி அடித்து நொறுக்கிவிட்டார்.

அந்தச் சிறுவன்தான் பின்னாளில் பாய்மரப் படகில் தன்னந்தனியே உலகைச் சுற்றிவந்த முதல் மனிதர் என்று புகழ்பெற்ற காப்டன் ஜோஷுவா ஸ்லோகம். அவர் சென்ற பயணத்தைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். அந்தப் படகு எப்படிப் பிறந்தது என்பதை விரிவாகச் சொல்வோர் குறைவு. எமக்கோ பயணத்தைவிட அதுவே பெரிதாகத் தோன்றுகிறது.

ஜோஷுவா 1844 பிப்ரவரி 20-இல் பிறந்தவர். பதினொரு பிள்ளைகளில் ஐந்தாமவர். தாய் ஒரு கலங்கரை விளக்கக் காவலரின் மகள். பத்து வயதளவில் பள்ளிப் படிப்பு நின்றது. பதினான்கு வயதில் வீட்டைவிட்டு ஓடி ஒரு மீன்பிடிக் கப்பலில் சமையற்காரனாகச் சேர்ந்து பார்த்தார். அது நெடுநாள் நிலைக்கவில்லை. 1860-இல் தாய் இறந்தபின், பதினாறாம் வயதில், கடலே கதியென்று புறப்பட்டுவிட்டார். அடித்தட்டு மாலுமியாகத் தொடங்கி, கப்பல் கணக்குகளைத் தானே படித்துத் தேர்ந்து, இருபத்தைந்து வயதைத் தாண்டிய சில ஆண்டுகளுக்குள் கப்பல் தலைவரானார்.

1871 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் வர்ஜீனியா வாக்கர் என்ற பெண்ணை மணந்தார். அந்த அம்மையார் கரையில் காத்திருக்கும் மனைவியாக இருக்கவில்லை. பதின்மூன்று ஆண்டுகள் கணவருடன் கப்பலிலேயே குடித்தனம் நடத்தினார். ஏழு குழந்தைகளைப் பெற்று, பிழைத்த நால்வருக்கும் கப்பல் அறையிலேயே எழுத்தறிவித்தார். 1884 ஜூலையில் போனஸ் அயர்ஸ் துறைமுகத்தில் கப்பல் நின்றிருந்தபோது நோயுற்று, முப்பத்துநான்கு வயதில் காலமானார். அந்த இழப்புக்குப் பிறகு ஸ்லோகம் பழைய மனிதராக இருக்கவில்லை என்றே அவருடைய பிள்ளைகள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்கள். 1886-இல் உறவுப் பெண்ணான ஹென்ரியெட்டாவை மறுமணம் செய்துகொண்டார்.

இனித்தான் நம் கதை தொடங்குகிறது. 1887 டிசம்பர் இறுதியில் ஸ்லோகத்துக்குச் சொந்தமான அக்விட்நெக் என்ற கப்பல், பிரேசில் நாட்டின் பரனகுவா விரிகுடாவில் மணல்திட்டில் ஏறி உடைந்தது. கப்பலுக்குக் காப்பீடு இல்லை. சேமித்ததெல்லாம் அந்த மணலிலே புதைந்தது. அந்நியக் கரையில் இளம் மனைவியும், விக்டர் என்ற மூத்த மகனும், கார்ஃபீல்டு என்ற ஏழு வயதுகூட நிரம்பாத சிறுவனுமாக அவர் நின்றார். யாரிடமாவது கையேந்திப் பயணச்சீட்டுப் பெற்று ஊர் திரும்பியிருக்கலாம். அதற்கு அவர் மனம் இசையவில்லை. கடற்கரையிலேயே ஒரு படகு கட்டி அதில் ஊர்போய்ச் சேருவது என்று முடிவு செய்தார்.

அவரிடம் மிஞ்சியிருந்த கருவிகளைக் கேட்டால் நம் தெருத் தச்சர் சிரிப்பார். ஒரு கோடரி, ஒரு வாய்ச்சி, இரண்டு வாள், துளையிட மூன்று துறப்பணங்கள், ஓர் அரம். பாய் தைக்கும் பெரிய ஊசிகள் இரண்டு இருந்தன; அவற்றையும் தீட்டி ஆணித்துளை போடும் கருவியாக்கிக் கொண்டார். மரம் பக்கத்துக் காட்டில் கிடைத்தது. ஆணிக்கு எங்கே போவது? உடைந்த கப்பலில் கிடைத்த செம்பையும் பித்தளையையும் இரும்பையும் பொறுக்கி, மரக்கரி மூட்டி, ஆணியாக அடித்தார்கள். செப்புக் காசுகளைத் துளைத்து ஆணிமுனையில் பூணாகக்கூடப் பொருத்தினார்களாம். காசைச் செலவழிக்க இதைவிட நல்ல வழி அந்தக் கரையில் இல்லை போலும்! படகின் நீளம் 35 அடி, அகலம் ஏழரை அடி. சீனத்து சம்பான் படகைப்போலப் பாய் அமைப்பு. இருபுறமும் மூங்கிலைக் கட்டி, கவிழ்ந்தாலும் மூழ்காதபடி செய்தார். விக்டர் தச்சனாகவும், கயிறு திரிப்பவனாகவும், எடுபிடியாகவும் இருந்தான்.

பாய்களைத் தைத்தவர் ஹென்ரியெட்டா. மணமாவதற்கு முன் அவர் தையல் வேலை செய்து பிழைத்தவர். சட்டையும் பாவாடையும் தைத்துப் பழகிய விரல்கள் கடற்காற்றைத் தாங்கும் கனத்த பாய்த்துணியில் ஊசி கோத்தன. எம் தையல் வகுப்பில் காஜா எடுக்கச் சொன்னால் முகம் சுளிக்கும் சில மாணவிகளை நாம் அறிவோம். பெயர் சொல்ல மாட்டோம். ஒரு குடும்பம் முழுவதும் அந்தத் தையலை நம்பிப் பெருங்கடலில் இறங்கியது.

1888 மே 13-இல் படகு நீரில் இறங்கியது. பிரேசிலில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்த நாள் அதுவே. ஆகவே படகுக்கு லிபர்தாடே, அதாவது விடுதலை, என்று பெயரிட்டார்கள். ஜூன் மாத இறுதியில் புறப்பட்டார்கள். சீக்கிரமே ஒரு சூறைக்காற்றில் பாய்கள் கிழிந்தன, மீண்டும் தைத்தார்கள். சுமார் 5,500 மைல் கடந்து, அக்டோபர் இறுதியில் அமெரிக்கக் கரையைத் தொட்டு, டிசம்பர் 27-இல் தலைநகர் வாஷிங்டனுக்குப் படகைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஹென்ரியெட்டாவுக்கு இனி கடல்வழிப் பயணமே வேண்டாம் என்றாகிவிட்டது. இதில் அவரைக் குறைசொல்ல எமக்கு மனமில்லை.

ஊர் திரும்பிய ஸ்லோகத்துக்கு ஊர் மாறியிருந்தது. பாய்மரக் கப்பல்களின் காலம் மங்கி, நீராவிக் கப்பல்கள் துறைமுகங்களை நிறைத்தன. நார்தர்ன் லைட் என்ற மாபெரும் பாய்மரக் கப்பலுக்குத் தலைவராக இருந்தவருக்கு இப்போது தலைமை தருவார் யாருமில்லை. பாஸ்டன் நகரில் கூலிக்கு மரவேலை செய்தார். தாம் எழுதிய லிபர்தாடே நூலால் பெரிய வருவாய் வரவில்லை. வயது ஐம்பதை நெருங்கியது.

1892-ஆம் ஆண்டு நடுக்குளிர்காலத்தில் ஒருநாள், திமிங்கில வேட்டைக் கப்பல்களில் தலைவராக இருந்து ஓய்வுபெற்ற ஈபன் பியர்ஸ் என்ற பழைய நண்பர் அவரைக் கண்டார். ஃபேர்ஹேவன் ஊருக்கு வந்தால் ஒரு கப்பல் தருவதாகவும், அதற்குக் கொஞ்சம் பழுதுபார்ப்பு வேண்டும் என்றும் சொன்னார். மறுநாளே ஸ்லோகம் போய்ப் பார்த்தார். கடலிலிருந்து தள்ளி ஒரு மேய்ச்சல் நிலத்தில், முட்டுக்கொடுத்து, மேலே கித்தான் போர்த்தி, மிகப் பழைய சிப்பி வாரும் படகு ஒன்று நின்றிருந்தது. பெயர் ஸ்ப்ரே, அலைச் சிதறல் என்று பொருள். ஏழு ஆண்டுகளாக அது அங்கே உளுத்துக் கிடந்தது. பியர்ஸ் வேடிக்கை செய்திருக்கிறார் என்பது விளங்கிற்று.

அக்கம்பக்கத்தார் கூடி, இதை உடைக்கத்தானே வந்தீர்கள் என்று கேட்டார்கள். இல்லை, திரும்பக் கட்டப் போகிறேன் என்றார் ஸ்லோகம். அவர்களுக்கு ஒரே வியப்பு. இதனால் என்ன லாபம் என்ற கேள்வியை ஓராண்டுக்கு மேலாக அவர் தினமும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. எந்த வேலை தொடங்கினாலும் இந்தக் கேள்வியோடு வருவோருக்கு எங்கும் பஞ்சமில்லை அல்லவா?

அருகிலிருந்த உறுதியான கருவாலி மரம் ஒன்றைத் தாமே வெட்டி வீழ்த்தினார். அதுவே ஏரா, அதாவது படகின் முதுகெலும்பான அடிமரம் ஆயிற்று. பக்கத்து விவசாயி ஒருவர் சிறு தொகைக்கு மரங்களை இழுத்துக்கொடுத்தார். படகின் விலா எலும்புகளான வங்குகளுக்கு நேராக வளர்ந்த இளமரங்களை எடுத்தார். நேரான கட்டையை வளைப்பது எப்படி? ஒரு பெட்டியில் வைத்து, கொதிக்கும் பானையிலிருந்து நீராவியைச் செலுத்தினார். மரம் வெந்து இளகியதும் ஒரு மரத்தண்டின்மேல் வளைத்து, ஆறி இறுகும்வரை அப்படியே கட்டிவைத்தார். நம் அடுக்களையில் இடியாப்பம் வேகும் அதே நீராவிதான். அங்கே அது கருவாலி மரத்தை வளைத்தது.

நாள்தோறும் கண்ணுக்குத் தெரியும்படியாக ஏதாவது ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. வேலையின் நடுவிலே வசந்தம் வந்தது. ஆப்பிள் மரங்கள் பூத்தன. ஓய்வுபெற்ற திமிங்கில வேட்டைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து மரத்துண்டுகளில் உட்கார்ந்து கதை பேசத் தொடங்கினார்கள். வேலைக்கு இடைஞ்சல்தான், ஆனாலும் அவர் வாய்ச்சியைக் கீழே வைத்துவிட்டு அவர்களோடு பேசினார். அவர்கள் படகின் முகப்பில் பூட்டிய கனத்த மரத்தைப் பார்த்து, பனிக்கட்டியையே உடைக்கும் என்று சான்றிதழ் கொடுத்தார்கள்.

பக்கப் பலகைகளுக்கு ஒன்றரை அங்குல கனமுள்ள ஜார்ஜியா பைன் மரம். சுமார் ஆயிரம் திருகாணிகள். பிறகு கலப்பற்று. பலகைகளின் இடுக்குகளில் நீர் புகாமல் அடைப்பதை நம் கடற்கரை ஊர்களில் அப்படித்தான் சொல்வார்கள். ஸ்லோகம் முதலில் பஞ்சுத் திரியை வைத்து அடித்தார். பார்த்துக்கொண்டிருந்த கிழவர்கள் பதறினார்கள்; அந்தப் பஞ்சு மெல்ல ஊர்ந்து வெளியே வந்துவிடும் என்று எச்சரித்தார்கள். அப்படியானால் எவ்வளவு வேகத்தில் ஊரும் என்று சொல்லுங்கள், அதற்குள் ஏதாவது துறைமுகத்தில் சேர்ந்துவிடலாம் என்று ஸ்லோகத்தின் நண்பரான பழைய கப்பல் தலைவர் ஒருவர் கேலி செய்தார். பஞ்சின்மேல் நாரையும் சேர்த்து அடிக்க வேண்டும் என்பது ஸ்லோகம் முதலிலேயே எண்ணியிருந்ததுதான், அப்படியே அடித்தார்.

பழைய படகின் பலகை ஒவ்வொன்றாகப் போய், புதுப் பலகை ஒவ்வொன்றாக வந்தது. எல்லாம் முடிந்தபோது பழையது எங்கே முடிந்தது, புதியது எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியவில்லை. பாட்டியின் அரிவாள்மணைக்குக் கட்டையும் மாற்றி, அலகும் மாற்றி, பிறகும் பாட்டியின் அரிவாள்மணை என்றே சொல்கிறோமே, அதுபோல அது ஸ்ப்ரே என்றே இருந்தது. நீளம் 36 அடி 9 அங்குலம். அகலம் 14 அடி 2 அங்குலம். செலவு 553 டாலர் 62 சென்ட். உழைப்பு பதின்மூன்று மாதம். இடையிடையே துறைமுகத்தில் கூலி வேலைக்குப் போய்த்தான் அந்தப் பணத்தைச் சேர்த்தார். கரையிலே ஒரு தேவதாரு முளையை அறைந்து, அதில் கயிறு கட்டிப் படகை நீரில் இறக்கினார்கள். அது அன்னப்பறவைபோல நீரில் அமர்ந்தது.

அந்தப் படகில் மீன் பிடித்துப் பார்த்தார். தூண்டிலில் இரை கோக்கும் சாமர்த்தியமே தமக்கில்லை என்று கண்டார். 1895 ஏப்ரல் 24-இல் பாஸ்டனிலிருந்து உலகைச் சுற்றப் புறப்பட்டார். கையில் பணம் மிகக் குறைவு. வழியில் யார்மவுத் என்ற ஊரில் நேரம் பார்க்க ஒரு தகரக் கடிகாரம் வாங்கினார். ஒன்றரை டாலர் விலை. முகப்பு உடைந்திருந்ததால் ஒரு டாலருக்குக் கிடைத்தது. ஒரு சிறு தோணியைக் குறுக்கே இரண்டாக வெட்டி, பாதியை எடுத்துக்கொண்டார். துணி துவைக்கவும் குளிக்கவும் அதுவே தொட்டி.

பயணத்தை முழுதும் சொல்ல இந்த மலரில் இடமில்லை. 1895 டிசம்பரில் உருகுவே நாட்டுக் கரையில் படகு மணலில் ஏறிவிட்டது. நங்கூரத்தைச் சிறுதோணியில் ஏற்றிக்கொண்டு போனபோது தோணி கவிழ்ந்தது. அப்போதுதான் தமக்கு நீந்தத் தெரியாது என்பது அவருக்கு நினைவுக்கு வந்ததாம்! தோணியைப் பற்றிக்கொண்டு எப்படியோ உயிர்தப்பினார். தென்னமெரிக்காவின் கோடியில் மகெல்லன் நீரிணையைக் கடக்கும்முன், சாம்பிளிச் என்ற நண்பர் ஒரு பை நிறையக் கம்பள ஆணிகளைக் கொடுத்தார். இரவில் மேல்தளமெங்கும் அவற்றைப் பரப்பிவிட்டு ஸ்லோகம் உறங்கினார். கொள்ளையிட ஓசையின்றி ஏறியவர்கள் வெறுங்காலில் ஆணியை மிதித்து அலறிக்கொண்டு கடலில் குதித்தார்கள். சமோவாத் தீவில், புதையல் தீவு கதையை எழுதிய ஸ்டீவன்சனின் மனைவி, காலஞ்சென்ற தம் கணவர் வைத்திருந்த கடல்வழி நூல்களை அவருக்குப் பரிசளித்தார்.

மேய்ச்சல் நிலத்தில் பட்ட பாட்டின் பயன் இந்தியப் பெருங்கடலில் தெரிந்தது. ஆஸ்திரேலியாவின் வடக்கேயுள்ள வியாழன் தீவிலிருந்து கீலிங் தீவுகள்வரை 2,700 மைல். அதை 23 நாளில் கடந்தார். அந்த 23 நாளிலும் அவர் சுக்கானைப் பிடித்திருந்த நேரம் மொத்தமாக மூன்று மணியைத் தாண்டவில்லை. சுக்கானைக் கட்டிவைத்துவிட்டு, அறையில் அமர்ந்து புத்தகம் படித்தார், சமைத்தார், உறங்கினார். படகு தானே நேர்வழி சென்றது. ஒவ்வொரு மரமும் எங்கே எப்படி அமர்ந்திருக்கிறது என்று அறிந்தவருக்கு, அது காற்றுக்கு எப்படி இசையும் என்பதும் தெரிந்திருந்தது. அதே கீலிங் தீவுகளில் ஒரு பவளப்பாறையில் முகப்பு மோதியபோது, பிளந்தது பாறைதான். ஃபேர்ஹேவன் கருவாலிக்கு ஒன்றும் ஆகவில்லை.

ரொட்ரிக்ஸ் தீவில் நடந்ததை நம் அருட்சகோதரிகள் விரும்பிக் கேட்பார்கள். 1897-இல் ஸ்ப்ரே அங்கே போய்ச்சேருமுன், அந்திக்கிறிஸ்துவின் வருகையைப் பற்றி அங்குள்ள குருவானவர் மக்களுக்குப் போதித்து வந்திருந்தார். ஆளில்லாததுபோலத் தோன்றும் ஒரு வெள்ளைப் பாய்ப்படகு புயல்வேகத்தில் துறைமுகத்தில் நுழைவதைக் கண்ட மூதாட்டி ஒருத்தி, வந்தது அவனேதான் என்று ஓடிப்போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். படகு கிளம்பும்வரை அவள் வெளியே வரவேயில்லையாம். மலைமேலிருந்த கன்னியர் மடத்தில் ஸ்லோகத்துக்கு அன்பான வரவேற்பு கிடைத்தது. விடைபெறும்போது அந்தக் குருவானவர் அவரைத் தழுவி, உங்கள் சமயம் எதுவாயினும் இந்தப் பயணம் இனிது முடியட்டும் என்று ஆசி கூறி அனுப்பினார்.

1898 ஜூன் 27-இல் அமெரிக்காவின் நியூபோர்ட் துறைமுகத்தை அடைந்தார். மூன்றாண்டு இரண்டு மாதத்தில் 46,000 மைலுக்கு மேல். ஆனால் அவருக்கு அது முடிவாகப் படவில்லை. சில நாளில் படகை ஃபேர்ஹேவனுக்கு ஓட்டிச்சென்று, முதலில் நீரில் இறக்கியபோது அறைந்த அதே தேவதாரு முளையிலே கட்டினார். அதைவிட அருகே அதை வீட்டுக்குக் கொண்டுவர அவரால் முடியாது.

1900-இல் அவருடைய பயண நூல் வெளியாயிற்று. பள்ளியில் மிகச் சில ஆண்டுகளே படித்த ஒருவர் எழுதியது அது என்று சொன்னால் நம்புவது கடினம். அவ்வளவு தெளிவும் நகைச்சுவையும் உடையது. அதன் வருவாயில் மார்த்தாஸ் வினியார்டு தீவில் ஒரு பண்ணை வாங்கினார். மண் அவரைப் பிடித்துவைக்கவில்லை. மனைவியைப் பண்ணையில் விட்டுவிட்டு ஒவ்வொரு குளிர்காலமும் தனியே தெற்கே போய்விடுவார். அவருடைய வாழ்வில் நாம் போற்ற இயலாத பக்கங்களும் உண்டு. 1906-இல் ஒரு சிறுமியிடம் தகாத முறையில் நடந்தார் என்ற குற்றச்சாட்டில் கைதாகி 42 நாள் சிறையில் இருந்தார். அதை மறைத்துவிட்டு இந்த வரலாற்றை எழுத எமக்கு மனம் வரவில்லை. அந்த ஆண்டுகளில் ஸ்ப்ரேயைக் கண்டவர்கள், கயிறுகள் நைந்து, பராமரிப்பில்லாமல், அழுக்கேறிக் கிடந்தது என்று எழுதியிருக்கிறார்கள். அத்தனை அக்கறையோடு கட்டிய கைகளே அதைக் கவனியாமல் விட்டதைப் படிக்கையில் வருத்தமாக இருக்கிறது.

கடைசியாக மார்த்தாஸ் வினியார்டிலிருந்து தென்னமெரிக்காவை நோக்கித் தனியே பாய் விரித்துப் போனார். அதற்குப்பின் அவரையோ ஸ்ப்ரேயையோ கண்டவர் இல்லை. ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை. புயலா, இரவில் ஏதேனும் நீராவிக் கப்பல் மோதிற்றா, நைந்த கயிறு அறுந்ததா என்று இன்றும் பேசுகிறார்கள். ஹென்ரியெட்டா காத்திருந்தார். 1924-இல்தான் நீதிமன்றம் அவர் இறந்ததாக அறிவித்தது. இறந்த நாளாக 1909 நவம்பர் 14 என்று எழுதிக்கொண்டார்கள்.